மூன்றாவது கணக்கு

திருத்திக் கொடுத்த விடைத்தாளைக் கசக்கி டீச்சர் மேல் எறிந்த மகனைப் பள்ளியைவிட்டே நீக்கிவிடுவார்களோ என்று பதறியடித்துக்கொண்டு வந்திருந்தாள் பையனின் அம்மா.

"பயப்படாதீங்க," என்று டீச்சர் சிரித்தாள். "மூணாவது கணக்கே தப்புன்னு கத்தினான். பாத்தா, நான்தான் ஒரு எண்ணை விட்டிருக்கேன்! நாப்பது பேர்ல இவன் ஒருத்தன்தான் கண்டுபிடிச்சான். மூளை துறுதுறுன்னு இருந்தா கை சும்மா இருக்குமா? சிறப்பு வகுப்புல இருக்கற ஒரே இடம் இவனுக்குத்தான்."

மூலையில் குனிந்து அதற்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த சிறுமியைப் பார்த்தாள் வந்தவள். "இந்தப் பொண்ணு?"

"இவளும் அதே கிளாஸ்தான். இருக்கற இடமே தெரியாது. கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அவ்வளவுதான்."

வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். தப்பான கணக்குக்கு எல்லாருக்கும் மார்க் போட்டுவிடலாம் என்று, திரும்ப வாங்கி வைத்திருந்த விடைத்தாள் கட்டை டீச்சர் பிரித்தாள். சிறுமியின் தாளில், மூன்றாவது கணக்குக்குத் தானே சிவப்பு மையில் போட்ட முட்டை. அதன் கீழே, திருத்தும்போது கண்ணில் படாத பென்சில் எழுத்து, முத்து முத்தாக:

'இதில் ஒரு எண் இல்லை டீச்சர். எல்லார் முன்னாலும் சொன்னால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும்.'

சிறுமி படிவத்தை நீட்டினாள். "அவன் பேர எழுதிட்டேன். கையெழுத்துப் போடும்மா, வீட்டுக்குப் போலாம்."

பெற்ற மகளின் முகத்தைப் பார்க்காமலே டீச்சர் கையெழுத்துப் போட்டாள்.