எட்டிப் பார்த்தால் ஃபெயில்

“ஏதாவது தெரியுதா?” என்று கேட்டார் ராஜகோபாலன்.

“ஒண்ணும் தெரியல சார்” என்றான் எலியேசர். ஜட்கா குதிரைக்குக் கண்ணோரம் கட்டுவார்களே, அது மாதிரி ஒரு மூடி அவன் நெற்றியிலிருந்து முன்னால் நீண்டிருந்தது. விமானத்தின் கருவிகளில் ஆடும் முட்களும் கடிகாரமும் மட்டும்தான் கண்ணில் பட்டன. வெளியே வானம் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

“குட். நீ முள்ளை மட்டும் பாரு. வெளியில நான் பாத்துக்கறேன்.”

அதுதான் சட்டம். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் எப்படி இறங்குவது என்று, பொட்டு மேகம் இல்லாத அறுபத்தெட்டாம் வருஷத்து மே மாதத்தில் நடக்கிற பரீட்சை இது. மூடி போட்டவன் முட்களை நம்பி மீனம்பாக்கத்து ஓடுபாதையை நோக்கி இறங்க வேண்டும். பக்கத்து சீட்டில் இருக்கும் பரீட்சை அதிகாரி இரண்டு பேருக்குமாக வெளியே பார்த்துக்கொள்வார். தரை நெருங்கியதும் அவர் “எடு” என்பார். அதுவரை மூடியைத் தொடக்கூடாது.

ராஜகோபாலன் பொல்லாத மனுஷர் என்று எலியேசர் கேள்விப்பட்டதோடு சரி, நேரில் பார்ப்பது இன்றுதான். போன மாதம் கூடப் படித்த சிட்டிபாபு லேசாகத் தலையைச் சாய்த்து வெளியே எட்டிப் பார்த்ததற்கு, அந்த இடத்திலேயே ஃபெயில் போட்டு அனுப்பியவர். இன்று காலை விறுவிறுவென்று நடந்து போய்ப் பக்கத்து விமானத்தில் ஏறப் பார்த்தார். இதுவும் பரீட்சையில் சேர்த்தி போலிருக்கிறது என்று, “சார், நம்மது இது” என்று பவ்வியமாகச் சொல்லி மார்க் வாங்கிவிட்ட சந்தோஷத்தில் இருந்தான் எலியேசர்.

அவன் கவலை அவனுக்கு. கிழக்குத் தாம்பரத்தில், அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட தபீதாளின் அப்பா, “பையனுக்கு வேலை வரட்டும், அப்புறம் பேசலாம்” என்று கறாராகச் சொல்லிவிட்டார். இந்தப் பரீட்சை தேறினால் வேலை தர ஒரு கம்பெனி தயார். தேறாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வேலூரிலிருந்து ஒரு பாங்க் மாப்பிள்ளை அவளைப் பெண் பார்க்க வருகிறான். பாங்க் மாப்பிள்ளை என்றால் சும்மாவா?

“நல்லா வர்றே. அப்படியே இறங்கு” என்றார் ராஜகோபாலன்.

அந்த மூடி பழசு. தலையைச் சாய்த்தால் இடது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெளியுலகம் தெரியும். சாய்க்கக்கூடாது என்று கர்த்தரை வேண்டிக்கொண்டுதான் ஏறியிருந்தான். ஆனால் முள் கொஞ்சம் ஆடி, ஓடுபாதை எதிரே இருக்கிறதா இல்லையா என்று மனசு அரிக்கவும், சாய்த்தே விட்டான்.

ஓடுபாதை இருந்தது. அதற்கு முன்னால், பல்லாவரம் தோல் கிடங்குகளின் வாடைக்குக் கூடுகிற பருந்துகள் பெரிய கும்பலாக நேர் எதிரே வட்டமடித்துக்கொண்டிருந்தன.

சார் சொல்வார் என்று காத்திருந்தான். சாரோ நிமிர்ந்து உட்கார்ந்து, நேராகப் பார்த்தபடி ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் ஃபெயில், தபீதாள் போச்சு. திறக்காவிட்டால் ஆளே போச்சு. பருந்துகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கீர்த்தனை அனுபல்லவிக்குப் போனது.

எலியேசர் சடாரென்று விமானத்தை வலது பக்கம் திருப்பினான். இறக்கையை ஒட்டிப் பழுப்பாக ஏதோ விர்ரென்று கடந்து போயிற்று.

“ஏன் திருப்பினே?”

“பருந்து சார்.”

“மூடிக்குள்ள இருக்கற உனக்குப் பருந்து எப்படித் தெரிஞ்சுது?”

அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “எட்டிப் பாத்துட்டேன் சார்.”

ராஜகோபாலன் கண்ணை இடுக்கிக்கொண்டு வெளியே பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. பிறகு, “மூடிய எடுத்துடு. நீயே இறக்கு” என்றார்.

தரையில் எஞ்சினை நிறுத்தினபோது எலியேசருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலூர்க்காரன் பஜ்ஜி தின்பது கண்முன்னால் தெரிந்தது. “மறுபடி எப்ப வரட்டும் சார்?” என்றான்.

“எதுக்கு? நீ பாஸ்.”

அவனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. “எட்டிப் பாத்தா ஃபெயில்தானே சார்?” என்று உரக்கக் கேட்டுவிட்டான்.

ராஜகோபாலன் அவசரமாக அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

“மெதுவாப் பேசுப்பா. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்.”