அம்மா, நம்பரைச் சொல்லு!

எலிகள் வளைக்கு நம்பர் பூட்டுப் போட்டு, ஆளுக்கொரு செல்போனும் வைத்துக்கொண்டிருந்த காலம். நம்புகிறவர்கள் நம்பலாம். கோமளம் என்ற எலிக்கு ஒரு போன் வந்தது.

“அம்மா, பூனை துரத்துதும்மா! பூட்டு நம்பர் மறந்துபோச்சு, சீக்கிரம் சொல்லு!”

மகன் குணாவின் குரல். அழுகைகூட அவனுடையதேதான். கோமளம் துள்ளி எழுந்தாள்.

“அம்மா, நான் இங்கேதானே இருக்கேன்,” என்றான் பக்கத்தில் படுத்திருந்த குணா. “என் குரல்ல வேற யாரோ பேசறாங்க. போனை வை.”

“சும்மா இருடா! அங்கே என் புள்ளை உயிருக்குப் பயந்து ஓடறான், நீ குறுக்கே பேசறியே!”

“பக்கத்துல யாரும்மா?” என்றது போன்.

“உன்னை மாதிரியே ஒருத்தன், கண்ணு. அவன்தான் நீயாம்!”

“ஐயோ, அவன் திருடன்மா! கதவைத் திறந்து வெளியே தள்ளு. நான் உள்ளே வந்துடறேன்!”

கோமளம் குணாவைக் காதைப் பிடித்துக் கதவுவரை இழுத்துவந்து, பூட்டில் கை வைத்தாள். கதவுக்கு வெளியே பெரிய மீசை உரசுகிற சத்தம்.

குணாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “தள்ளறதுன்னா தள்ளு. தின்ன ஏதாவது குடுத்துட்டுத் தள்ளு. பசிக்குது.”

கோமளத்தின் கை நின்றது. இந்த நேரத்திலும் தீனி கேட்கிறவன் அவள் பெற்ற பிள்ளையாகத்தான் இருக்க முடியும். பூட்டிலிருந்து மெல்லக் கையை எடுத்து, அவனைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“எனக்கும் பசிக்குதும்மா!” என்றது போன்.

அன்று அது பேசியதிலேயே அந்த ஒன்றுதான் நிஜம்.