இரண்டாவது மதிப்பீட்டாளர்

அறிக்கை இரண்டே மணி நேரத்தில் வந்துவிட்டது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் பொருளறிவியல் ஆய்விதழுக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையையும் அந்தத் துறைக்காரர்கள் இரண்டு பேர் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது. கெஞ்சிக் கூத்தாடினால் மூன்று மாதத்தில் பதில் வரும். இரண்டு மணி நேரத்தில் எந்த மகராசனும் அனுப்பியதில்லை.

“மேடம், ரெண்டாவது ஆளும் அப்படியே போடலாம்னு சொல்லிட்டாரு. ஏத்துக்கிட்டோம்னு லெட்டர் அனுப்பிடவா?” என்றாள் உதவி ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

பொறு என்று கையைக் காட்டிவிட்டு மதிப்பீட்டாளரின் பெயரைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

அந்த மனிதர் இறந்து எட்டு மாதமாகிறது.

நடந்தது புரிந்துவிட்டது. யாருக்கு அனுப்பலாம் என்று கட்டுரை எழுதியவர்களே பெயர் சொல்லலாம். இந்த ஆசாமி பெரிய பெயராகப் பார்த்து, தானே திறந்த ஒரு மின்னஞ்சல் முகவரியோடு கொடுத்திருக்கிறான். எங்கள் மதிப்பீட்டாளர் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கவே, இவள் நம்பி அனுப்பிவிட்டாள். தன் கட்டுரைக்குத் தானே பாராட்டுப் பத்திரம் வாசித்திருக்கிறான், படுபாவி.

‘மிகச் சிறந்த ஆய்வு. ஒரு திருத்தமும் தேவையில்லை.’

அவரா இப்படி எழுதுவார்? ஒரு கமாவுக்குக்கூடச் சண்டை போடுவார். அறிமுகமாவதற்கு முன்பே என் முதல் கட்டுரையை மூன்று தடவை திருப்பியனுப்பியவர். பிற்பாடு அதை அவரே ஒப்புக்கொண்டார், வெட்கமே இல்லாமல்.

கட்டுரையோ, நீராவிக் குழாய்களை வெல்டிங் செய்த பிறகு மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தத் தேவையில்லை என்கிறது. எண்களெல்லாம் ஜோடனை என்றால், இதை நம்பிச் செய்கிற இடத்தில் குழாய் வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் வெந்துபோவார்.

நிறுத்துவது சுலபம். சும்மா திருப்பியனுப்பினால் வேறு இதழுக்குப் போவான்; பதிப்பகத்துக்கு ஒரு புகார் எழுதினால் போதும். ஆனால் முதல் கேள்வியே என்னிடம்தான் வரும்: இறந்தவர் பெயர் பட்டியலில் எப்படி இருந்தது? பட்டியல் ஆசிரியர் பொறுப்பு. ஆறு வருடமாக நான்தான் ஆசிரியர். பதவி போனாலும் போகலாம்.

“அவர் இறந்தது நமக்குத் தெரியாதுன்னு எழுதிடலாமே மேடம்,” என்றாள் அவள், நான் விஷயத்தைச் சொன்னதும். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாள்.

எட்டு மாதத்தில் எத்தனையோ தடவை பட்டியலைத் திறந்து, அந்தப் பெயர் வரைக்கும் போய், ஒன்றும் செய்யாமல் மூடியிருக்கிறேன். தெரியாது என்று தட்டிப் பார்த்தேன். அழித்தேன்.

‘இவர் இறந்தது எனக்குத் தெரியும்,’ என்று புகாரில் எழுதினேன். ‘பக்கத்தில்தான் இருந்தேன். பெயரை எடுக்க மனம் வரவில்லை. இவர் என் கணவர்.’