வெர்னாவின் கை வழுக்கியது

"கை வழுக்கிடுச்சு" என்றாள் வெர்னா.

படகுத்துறையில் நின்ற இருபது பேரும் தண்ணீரையே பார்த்தார்கள். மீன் விழுந்த இடத்தில் ஒரு குமிழிகூட இல்லை.

"வழுக்கிடுச்சா? இத்தனை வருஷமா இதே தராசுல மீன் மாட்டறவளுக்கு, இன்னிக்குன்னு பார்த்துக் கை வழுக்குமா?"

கத்தியது கார்டி. மீனைப் பிடித்த டுவேனுக்கு மச்சான்.

வெர்னா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். துறையோரம் தூண்டில், புழு, ஐஸ் விற்கும் கடை அவளுடையது. துறை விளிம்பில் தொங்கும் தராசும் அவளுடையதுதான். அந்த ஏரியில் யார் பெரிய மீன் பிடித்தாலும் அதில் மாட்டித்தான் ஆகவேண்டும்.

கடைச் சுவரில் பாடம் செய்த மீன் ஒன்று இருக்கிறது. சின்னவாய் பாஸ் என்கிற ஏரி மீன். கீழே பித்தளைத் தகடு: 'ஹெரால்ட் நைகார்ட், 1978. எட்டு பவுண்டு இரண்டு அவுன்ஸ். ஏரிச் சாதனை.'

ஹெரால்ட், வெர்னாவின் அப்பா. ஏரியில் பனி உருகியதும் விஸ்கான்சின் மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் படகை இழுத்துக்கொண்டு வருவது அந்தத் தகட்டை மாற்றத்தான். இதுவரை யாராலும் முடியவில்லை.

முடித்துவிட்டான் டுவேன் என்றுதான் இன்று எல்லாரும் நினைத்தார்கள். வாராவாரம் நடக்கும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் காலித் தட்டைக் காட்டி, "இது டுவேன் பிடிச்ச மீன்" என்று ஊரே சிரிக்குமே, அந்த டுவேன்!

காலையில் வீட்டுத் தராசில் எட்டு பவுண்டு ஆறு அவுன்ஸ் காட்டியதாம். மகள் பிரிட்டா தன் வகுப்பிலிருந்து ஆறு பேரைக் கூட்டி வந்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தாள். கார்டி, சாதனையைப் பதிவு செய்ய மீன்வளத் துறை அதிகாரிக்குப் போன் போட்டுவிட்டான்.

வெர்னா ஐஸ் பெட்டியிலிருந்து மீனை எடுத்தாள். வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாள். ஒரு நொடி நின்றாள். அடுத்த நொடி மீன் ஏரிக்குள்.

கார்டி நீளக் கம்பு வலையை விட்டுத் துழாவினான். முப்பதடி ஆழம், அடியில் சேறு.

"செத்த மீன், கல்லு மாதிரி உள்ள போயிடுச்சே! மாப்ள, உனக்குன்னு இப்படி எழுதியிருக்கு பாரு!"

"அப்பன் பேருக்குக் காவல்டா" என்றார் ஒரு படகுக்காரர். "புதையல் காத்த பூதம் கெட்டுது போ!"

"இனிமே இவ கடையில புழுகூட வாங்கமாட்டேன்."

"நானும்தான்."

அதிகாரி வந்தார். கதையைக் கேட்டார். எடுத்த படிவத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெர்னாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

பிரிட்டா அழுதுகொண்டே வந்து வெர்னாவின் எதிரில் நின்றாள்.

"நீங்க வேணும்னேதான் போட்டீங்க."

"அப்படியே வெச்சுக்கோ, கண்ணு."

டுவேன் கார்டியின் தோளைத் தட்டினான். "விடு மச்சான், போகலாம்" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"இவ்ளோ பெரிய மீனைத் தொலைச்சுட்டும் திட்டலை பாரு! மனுஷன்னா இவன்" என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

கடை சாத்தும் நேரத்துக்கு டுவேன் தனியாக வந்தான். மத்தியானத்திலிருந்து ஒரு ஆள்கூட வராத கடை.

"வெர்னா... நிஜமாவே கை வழுக்கிச்சா?"

"வியாழக்கிழமை எங்கிட்ட தூண்டில்ல கட்டற ஈயக்குண்டு ஒரு பொட்டலம் வாங்கினே. பாஸ் பிடிக்க ஒண்ணு ரெண்டு போதுமேன்னு அப்பவே நினைச்சேன். இன்னிக்கு வயித்துல கை வெச்சேன். மிச்சமெல்லாம் அங்க இருந்துச்சு."

டுவேன் புழுப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தக் காலித் தட்டு ஜோக்கை இப்ப பிரிட்டா ஸ்கூல்லயும் சொல்றாங்க. ஒருநாளாவது அவ தலைநிமிர்ந்து..."

"இந்த வருஷம் புது விதி வந்திருக்கு. உனக்குத் தெரியாது. சாதனை மீன்னா அதிகாரி வயித்தைக் கீறிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அங்கயே, அத்தனை பேர் முன்னாடியும்."

டுவேனுக்கு முகம் வெளுத்தது. பெட்டியை விட்டு எழுந்தான்.

"உங்க கடைக்கே வரமாட்டோம்கறாங்க. நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"உளறாதே. அடுத்த புழுக்கடை இருபது மைல். ரெண்டு நாள் முறைப்பாங்க, மூணாம் நாள் வருவாங்க."

"உங்கப்பா பேரை அழிக்கத்தானே நான் வந்தேன்? அத்தனை பேர் வாயிலயும் விழுந்து எதுக்கு என்னைக் காப்பாத்தினீங்க?"

"உன்னையா? உன்னை எவ காப்பாத்தினா?"

வெர்னா துணியை எடுத்தாள். முக்காலி மேல் ஏறி, சுவரில் இருந்த மீனுக்குத் தூசி துடைக்க ஆரம்பித்தாள். திரும்பாமலேயே பேசினாள்.

"அப்பா காலத்துல அந்த விதி இல்லை. வீட்டுப் பின்பக்கம் வெச்சு இதைத் தோலுரிக்கும்போது ஏழு குண்டு கீழே விழுந்துச்சு. பார்த்தது நான் ஒருத்திதான். அப்போ எனக்கு பிரிட்டா வயசு."