இரண்டு காது, இரண்டு மடி

உப்பளத்தில் வேலை செய்யும் பேச்சித்தாய் அனாதை விடுதியில் வளர்ந்தவள். மகளுக்குக் காது குத்த மடி கொடுக்கத் தாய்மாமன் வேண்டும் என்று, எச்சிலைத் தொட்டு வம்சம் சொல்லும் எந்திரத்தைக் கேட்டாள். அவள் முன்னோரில் ஒருவன் பிறந்த, அமெரிக்காவில் ஆதியில் குடியேறிய ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் துழாவி, அண்ணன் முறையில் இருவரை அது காட்டியது. இருவருக்கும் பேச்சி அழைப்பு அனுப்பினாள்.

"பொறந்த வீடே இல்லாதவளுக்குச் சீர் வருதாக்கும்," என்று நாத்தனார் மாரிக்கனி நொடிக்கும்போதே கோயில் வாசலில் வேன் நின்றது. வேட்டி தடுக்க, தலையில் சீர்த்தட்டோடு இரண்டு வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள்.

மடி கொடுக்கப் பலகையில் யார் உட்காருவது என்று இருவருக்கும் போட்டி வந்துவிட்டது. இருவர் பேச்சையும் கழுத்தில் தொங்கிய கருவி தமிழாக்கியது.

"மூத்தவன் நான். எம் மடியிலதான் பிள்ளை உக்காரணும்."

"சீர்த்தட்டு வாங்குனது நானாக்கும்."

பேச்சி சிரித்துக்கொண்டே மகளைத் தூக்கினாள்.

"சண்டை எதுக்கு அண்ணமாரே? பிள்ளைக்கு ரெண்டு காதுல்லா இருக்கு."