பட்டாணிக்கு ஒரு சத்தம்

மேலப்பாளையத்தில் தையல்காரி நஃபீஸத்தின் வாசலில், ஜவுளிக்கடைக் கட்டைப்பையை மார்போடு அணைத்தபடி மாதுரி நிற்கிறாள். பைக்குள்ளிருந்து நாய்க்குட்டி பட்டாணியின் தலை மட்டும் எட்டிப்பார்க்கிறது. தடுப்பூசிகள் முடியும்வரை அவனைத் தெருமண்ணில் இறக்கக்கூடாது, ஆனால் ஊரின் சத்தங்களுக்கு இப்போதே பழக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வருஷத்துக் குட்டியை ஆசையாய்த் தெருவில் ஓடவிட்டாள். நோய் வந்து ஒரே வாரத்தில் அது செத்துப்போனது. அதிலிருந்து மண்ணைப் பார்த்தாலே அவள் கை இறுகுகிறது. தையல் மிஷின் கடகடக்கிறது. பட்டாணி காதை மடக்கிக்கொண்டு பைக்குள் அமிழ்கிறான். “பயப்படுதானா?” என்கிறாள் நஃபீஸத். “நடுங்குதான் அக்கா.” “அப்ப இன்னும் மெதுவா மிதிக்கேன். தொடலன்னு கோவிச்சுக்காதலே பட்டாணி. உன் எச்சி பட்டா நான் ஏழு தரம் கழுவிட்டுல்லா தொழணும்.” சத்தம் தணிகிறது. காலை வெயில் மிஷின் சக்கரத்தில் மெல்லச் சுற்றுகிறது. எண்ணெய் வாசனைக்கு ஈரமூக்கு ஒன்று மேலே வருகிறது. பிறகு ஒரு காது, இன்னொரு காது. பை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு பட்டாணி கண்ணயர்கிறான். அப்போதுதான் மாதுரி கவனிக்கிறாள்: ஊசியில் நூல் இல்லை, அடியில் துணியும் இல்லை. தைக்கவேண்டிய பள்ளிச் சீருடைகள் பக்கத்தில் குவிந்து கிடக்க, நஃபீஸத் வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிறாள். “நாளைக்கும் கூட்டிட்டு வரட்டுமாக்கா?” “வா. நாளைக்குக் கொஞ்சம் வேகமா மிதிச்சுப் பாப்போம்.”