உலர்ந்த துண்டு

எச்சில் சுரப்பிகளில் ஊசி போட்ட ஒரு வாரத்தில் ஞானசேகரனின் வாயோரம் காய்ந்துவிட்டது. பார்க்கின்சன் வந்ததிலிருந்து ஓயாமல் வழிந்த எச்சில் நின்றுபோனது. “முகச் சுருக்கத்துக்குப் போடற அதே போடாக்ஸ்தாம்மா. இனிமே நீ துண்டும் கையுமா அலைய வேண்டாம்” என்று போனில் மகள் சந்தோஷப்பட்டாள். சிவகாமிக்குத் தோளில் கிடந்த துண்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, யாராவது பக்கத்தில் இருந்தால் அவள் விரல்கூடத் தன்மேல் படவிடாத மனிதர். நோய் வந்தபிறகுதான் முகத்தை அவளிடம் ஒப்படைத்தார். பேசிக்கொண்டே மோவாயை லேசாக நீட்டுவார், அவள் துடைப்பாள், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். இப்போது பழக்கத்தில் அவள் கை எழுந்தால், “அதான் ஒண்ணும் இல்லையே” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அன்று மதியம் அவள் ஒரு மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி அவர் எதிரே வைத்தாள். மடியில் துண்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “எச்சில் ஊறுதாங்க?” என்று கேட்டாள். அவர் மாங்காயைப் பார்த்தார். பிறகு துண்டை வெகுநேரம் பார்த்தார். நடுங்கும் கையால் தண்ணீர் டம்ளரை எடுத்து, வாயைத் திறக்காமலே உதட்டில் சாய்த்தார். தண்ணீர் மோவாயில் வழிந்து சட்டையை நனைத்தது. கை நடுக்கம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். டம்ளர் காலியாகும்வரை அவர் அதை இறக்கவில்லை.